ஒரு பெயருக்குள் மறையும் பல நோய்கள்

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாள் முதல் பல இல்லங்களில் ஒரு விந்தை நிகழ்கின்றது. அதன் பின்னர் அப்பிள்ளைக்கு உண்டாகும் குறை எதுவாயினும் அந்த ஒரு பெயரின் தலையிலேயே ஏற்றப்படுகின்றது. இரவில் உறங்கவில்லையா? ஆட்டிசம். சோற்றைத் தள்ளுகின்றானா? ஆட்டிசம். சுவரில் தலையை முட்டிக் கொள்கின்றாளா? அதுவும் ஆட்டிசம். வந்த செலவையெல்லாம் ‘பலவகை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் எழுதி வைக்கும் குமாஸ்தாவைத் தணிக்கைக்காரர் என்ன செய்வார் என்பது நம்மைப் போல ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைப்போருக்கு நன்கு தெரியும். பிள்ளையின் உடம்பைத் தணிக்கை செய்ய யாரும் வருவதில்லை. அங்கே நாமேதான் தணிக்கைக்காரர்.

நூல்களில் மதியிறுக்கம் என்று வழங்கப்பெறும் இந்நிலை, பிறரோடு உறவாடுவதிலும் பேச்சிலும் பழக்க வழக்கங்களிலும் குழந்தை வேறுபட்டு வளர்வதைக் குறிக்கும். அது தொற்று நோயன்று. தாயின் வளர்ப்புக் குறையுமன்று. இவ்வளவும் அன்பர்கள் முன்னரே அறிந்திருப்பர். ஆட்டிசத்தோடு கைகோத்து வரும் பிற நோய்கள் எவை, அவற்றுள் மருந்தால் தீரக் கூடியவை எவை என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டு பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறைக்கு முதல் ஏடு. அவருடைய முதற் குழந்தையான டொனால்டின் தந்தை ஒரு வழக்கறிஞர். மகனைப் பற்றி முப்பத்து மூன்று பக்கங்களில் கடிதம் எழுதி டாக்டருக்கு அனுப்பியவர். உணவில் அச்சிறுவனுக்கு நாட்டமே இல்லை என்பது அந்நாளிலேயே குறிக்கப்பட்டது. ஏனைய குழந்தைகளுள்ளும் பலர் பிறந்தது முதலே பாலூட்டலிலும் உணவிலும் தொல்லைப்பட்டவர்கள். ஆக, மனத்தின் நிலையைப் பற்றிய முதற் கட்டுரையிலேயே வயிறு இடம்பெற்று விட்டது. தந்தை எழுதிய அந்த நீண்ட கடிதத்தை நினைக்கும்போதெல்லாம், டாக்டரின் அறையில் நமக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் பாதியை ‘ஒன்றும் தெரியவில்லை சார்’ என்று கழித்து விடுகின்றோமே என்று தோன்றும்.

உடன் வரும் நோய்களுள் முதலில் அஞ்ச வேண்டியது வலிப்பு. 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் உடையவர்களுள் சற்றேறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. அக்குறைபாடு இல்லாதவர்களுள்ளும் நூற்றுக்கு எண்மருக்கு உண்டு. பிற பிள்ளைகளிடையே இது நூற்றுக்கு ஒன்று என்னும் அளவைக்கூட எட்டுவதில்லை. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்னர் ஒரு முறையும், பிள்ளை பெரியவனாகும் பருவத்தில் மற்றொரு முறையும் இது தலை காட்டும். சிறு வயதில் வரவில்லை, இனி வராது என்று பெற்றோர் அமைதியடைந்திருக்கும் வேளையில், பதின்மூன்று பதினான்கு வயதில் திடீரென்று வந்து நிற்பதும் உண்டு.

கை கால் இழுத்துக் கொண்டு நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. உண்டு கொண்டிருக்கும் பிள்ளை சில நொடிகள் சிலைபோல் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்குவதும், உதட்டைச் சப்புக் கொட்டுவதும், உறக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் துடிப்பதும் வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசமுள்ள பிள்ளை இயல்பாகவே கூப்பிட்டால் திரும்பாது. ஆகவே வெறித்த பார்வையை யாரும் பொருட்படுத்துவதில்லை. தோளைத் தொட்டாலும், மிகவும் விரும்பும் பண்டத்தைக் காட்டினாலும் அந்தப் பார்வை கலையவில்லையாயின் ஐயம் கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியில் அதனைப் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுவது மிக்க பயன் தரும். நூறு வார்த்தை விளக்கத்தைவிட அரை நிமிடப் படம் மேல். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. என்னும் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

வலிப்பு வந்துவிட்டால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் வழக்கம் இன்னும் நம்மவரிடையே ஒழிந்தபாடில்லை. இரும்பால் ஒரு பயனும் இல்லை. வலிப்பு தானாகவே ஓரிரு நிமிடங்களில் அடங்கும்போது சாவிக்குப் பெயர் கிடைத்து விடுகின்றது, அவ்வளவே. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வைத்தல் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, ஒன்று அடங்கி நினைவு திரும்பு முன் மற்றொன்று வந்தாலோ தாமதியாது 108 வண்டியை அழைத்தல் வேண்டும். மாத்திரை தொடங்கிய பின்னர், ஆறு மாதமாக வலிப்பு இல்லையே என்று தாமாக நிறுத்துவோர் பலர். திடீர் நிறுத்தம் முன்னிலும் பெரிய வலிப்பைக் கொண்டு வரும். ஊருக்குத் திருவிழாவுக்குப் போகும்போது மாத்திரையை இங்கேயே மறந்து விடுவதும் இதில் அடங்கும்.

இங்கே நம் மைசூர்ச் சீமைக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தலையில் சொம்பு சொம்பாகச் சுடுநீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வருகின்றது. வெந்நீர் வலிப்பு என்றே இதற்குப் பெயர். உலகில் வேறெங்கும் அரிதாகக் காணப்படும் இது தென்னிந்தியாவில், சிறப்பாகத் தென் கர்நாடகத்தில், மிகுதி. 1988ஆம் ஆண்டில் பெங்களூர் மருத்துவர்கள் 279 நோயாளிகளை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். இது ஆட்டிசத்தோடு தொடர்புடையதன்று. ஆயினும் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் பாட்டிமார் நம் வீடுகளில் இருக்கின்றனர். வலிப்புள்ள பிள்ளைக்கு நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

மொழியால் வரும் இடரும் ஒன்றுண்டு. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம் தாய்மார்கள் வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் பேசிச் சமாளித்து விடுகின்றனர். நோயைச் சொல்லும்போதுதான் நா தடுமாறுகின்றது. ‘பிட்ஸ்’ என்றால் எல்லாருக்கும் புரியும். கன்னடத்தில் ‘மூர்ச்செ ரோக’ என்பர். மலச்சிக்கலை ‘மலபத்ததெ’ என்பர். இவ்விரண்டு சொற்களையும் மனத்தில் இருத்திக் கொண்டால் போதும். இதனோடு சேர்ந்த மற்றொரு பயத்தையும் நீக்கிவிடலாம்: வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கேட்பதால் ஆட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சு கெடும் என்று ஆய்வுகளில் காணப்படவில்லை. தாய் தன் மொழியிலேயே பிள்ளையோடு பேசலாம்.

அடுத்தது வயிறு. 2014ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஆட்டிசமுள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லை ஏற்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டனர். அவற்றுள் தலையாயது மலச்சிக்கல். பேச்சு வராத பிள்ளை ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்ல மாட்டாது. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து நிற்கும். நள்ளிரவில் எழுந்து அலறும். தன் கையைத் தானே கடிக்கும். சில வேளைகளில் கட்டிப்பட்ட மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிந்து உள்ளாடையில் படியும். அதனைப் பேதி என்று கருதிப் பேதி மருந்து கொடுப்போரும் உளர். நோய் ஒன்று, மருந்து அதற்கு நேர் எதிர்.

நம் அலுவலகத் தோழர் ஒருவரின் மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு மிகக் குறைவு. ஒரு மாரிக்காலத்தில் திடீரென்று தன் இடக் கன்னத்தில் அறைந்து கொள்ளத் தொடங்கினான். காட்டிய இடத்தில், ‘இப்பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்’ என்று கூறி, அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் கூட்டிக் கொடுத்தனர். பையன் பகலெல்லாம் தூங்கினான். விழித்தவுடன் மீண்டும் அறைந்து கொண்டான். ஏழு வாரம் சென்றது. ஊரிலிருந்து வந்த அத்தைதான், ‘எப்போதும் ஒரே பக்கத்தில் அடித்துக் கொள்கிறானே, வாயைத் திறந்து பார்த்தீர்களா?’ என்று கேட்டாள். கடைவாய்ப் பல்லொன்று வேர் வரை சொத்தையாகிச் சீழ் கட்டியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்த மூன்றாம் நாள் அறைதல் நின்றது. அந்த ஏழு வாரமும் அப்பிள்ளை பட்ட வேதனையை எந்தக் கணக்கில் எழுதுவது?

புதிதாகத் தோன்றும் ஆத்திரத்திற்கும் தன்னைத் தானே தாக்குதலுக்கும் பல், காது, தொண்டை, வயிறு, சிறுநீர், அடிபட்ட இடம் ஆகியவற்றை முதலில் சோதித்த பின்னரே மனநோய் மருந்தைப் பற்றி நினைக்க வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளுக்குப் பயன் உண்டு; ஆயின் அவை பசியையும் எடையையும் கூட்டும். பல்வலிக்கு அவை மருந்தல்ல.

வயிற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரும் புரட்டையும் குறிப்பிட்டாக வேண்டும். 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்பவர், பன்னிரண்டே குழந்தைகளை வைத்துக் கொண்டு, தட்டம்மைக் கூட்டுத் தடுப்பூசியையும் குடல் நோயையும் ஆட்டிசத்தையும் முடிச்சிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டிலேயே அவர் மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் ஆறரை லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் அவ்வூசியால் ஆட்டிசம் கூடியதாகக் காணப்படவில்லை. ஆயினும் மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் என்பதால் இளையவளுக்கு ஊசி போடாமல் விடும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. தட்டம்மை மூளையைத் தாக்கும் நோய் என்பதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உணவுப் பிடிவாதமும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. சில பிள்ளைகள் வெண்ணிற உணவையே உண்ணும். சில பிஸ்கோத்தில் ஒரே கம்பெனியின் சரக்கைத்தான் தொடும். உறையின் நிறம் மாறினால்கூட வேண்டாம் என்று தள்ளும். பழமும் காயும் ஆண்டுக் கணக்கில் உள்ளே செல்லாமையால், கப்பற் பிரயாணிகளின் பழைய நோயாகிய ஸ்கர்வி இக்காலத்திலும் இப்பிள்ளைகள் சிலரிடம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஈறில் இரத்தம், கால் வலி, நடக்க மறுத்தல் ஆகியவை அதன் குறிகள். இதற்கிடையே கோதுமையையும் பாலையும் அறவே நிறுத்தினால் ஆட்டிசம் தீரும் என்று ஒரு பேச்சு உலவுகின்றது. அதற்குத் தக்க சான்று இல்லை. தயிர்ச்சோறு ஒன்றையே உண்டு வாழும் பிள்ளையிடமிருந்து தயிரையும் பறித்தால் மிஞ்சுவது என்ன?

மண், சுண்ணாம்பு, சுவரின் வண்ணச் செதில் முதலியவற்றைத் தின்னும் பழக்கமும் இவர்களிடையே மிகுதி. இரும்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணமாகலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு அறுபத்தேழு பேருக்கு இரத்தச் சோகை. ஆகவே இது ஆட்டிசத்தின் சேட்டைதான் என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்தால் இரவில் கால் அமைதியிழந்து உறக்கமும் கெடும். பழைய வண்ணப் பூச்சிலும் பழைய மின்கலங்களிலும் ஈயம் உண்டு; அது உடம்பில் சேர்ந்தால் அறிவு வளர்ச்சியையே அரிக்கும். இந்நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈய நச்சுக்கான தேசிய ஆலோசனை மையம் அமைக்கப்பட்டது நம்மவர் பலர் அறியாத செய்தி.

உறக்கமின்மை ஆட்டிசமுள்ள பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்படுகின்றது. பிள்ளை உறங்காவிட்டால் தாயும் உறங்குவதில்லை. இரவுப் பணி முடிந்து வரும் தந்தையும் பகலில் உறங்க இயலாது. ஒரே அறையுள்ள வீட்டில் தொலைக்காட்சி பதினொரு மணி வரை ஓடினால் எந்தப் பிள்ளைதான் உறங்கும் என்பதையும் சற்று எண்ண வேண்டும். வழக்கமான நேரமும் மங்கிய வெளிச்சமும் முதல் மருந்து. மெலடோனின் என்னும் மருந்தை டாக்டர் அளவு குறித்துத் தரலாம். கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தல் ஆகாது. குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் தொண்டைச் சதையைக் காட்ட வேண்டும்.

மனத்தைச் சார்ந்தவற்றுள் அமைதியின்மையும் கவனச் சிதறலும் ஒரு பகுதி. அச்சம் மற்றொரு பகுதி. 2013க்கு முன்னர் அமெரிக்க மனநோய்க் கையேட்டின்படி ஆட்டிசம் என்று எழுதிய பிள்ளைக்குக் கவனக் குறைவு நோய் என்று சேர்த்து எழுத இடமில்லை. அவ்வாண்டில்தான் அத்தடை நீங்கியது. பதின்மரில் நால்வருக்கு அச்ச நோய் உண்டு என்று 2011இல் ஒரு தொகுப்பாய்வு கூறிற்று. குக்கர் விசிலுக்கும் எஞ்சின் ஊதலுக்கும் காதைப் பொத்திக் கொண்டு ஓடும் பிள்ளையைக் கோழை என்று ஏளனம் செய்தல் தகாது. ஓடும் பிள்ளையைப் பற்றி மற்றொரு எச்சரிக்கை: சொல்லாமல் வெளியேறிச் செல்லும் இயல்பும், நீரின்பால் ஈர்ப்பும் இவர்களுக்கு உண்டு. இருப்புப்பாதைக்கும் ஏரிக்கும் அருகில் குடியிருப்போர் கதவின் மேல்தாழைப் போட்டு வைப்பதோடு, தந்தையின் தொலைபேசி எண்ணைச் சட்டைக்குள் தைத்து விடுவதும் நலம்.

பிறவியிலேயே அமைந்த சில காரண நோய்களும் உண்டு. உடம்பில் இலை வடிவான வெளிறிய திட்டுக்களும் வலிப்பும் சேர்ந்திருப்பின் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயாகலாம். அந்நோயுடையோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆட்டிசமும் உண்டு. குடும்பத்தில் தாய்மாமன்மாருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தால் பிராஜைல் எக்ஸ் சோதனையைப் பற்றிக் கேட்கலாம். காது கேளாமை வேறு, கேட்டும் திரும்பாமை வேறு. இரண்டும் ஒருங்கே இருத்தலும் கூடும். ஆகவே காதுச் சோதனை இல்லாமல் எந்த முடிவும் முழுமையன்று. மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது.

நம் நகரின் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ், பழைய மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து உருவானது. குழந்தை மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது ஆட்டிசமும் வலிப்பும் சேர்ந்த பிள்ளைக்குப் பெரும் வசதி. தொலைவிலிருந்து நோயாளிகள் இங்கே வந்து காத்துக் கிடக்க, அருகிலிருக்கும் நாம் ‘கூட்டம்’ என்று சொல்லித் தள்ளிப் போடுகின்றோம். முதலில் செல்வதற்குச் சோதனைச் சீட்டுக்கள் யாவும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் இருத்தல் வேண்டும். உறக்கம், மலம், வலிப்பு, உணவு ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் இரண்டு வாரம் குறித்துக் கொண்டு போனால் டாக்டரின் கேள்விகளுக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தண்டுச் செல் ஊசியால் ஆட்டிசத்தை நீக்குவோம் என்று லட்சக் கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களைக் கண்டு நகையை அடகு வைக்க வேண்டாம். ஆய்வுக்கு வெளியே அத்தகைய சிகிச்சையை விற்பது முறையன்று என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. உடம்பிலிருந்து உலோகத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் செலேஷன் சிகிச்சையால் 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அப்பணத்தில் எத்தனை பற்களைச் செப்பனிடலாம், எத்தனை மாதப் பேச்சுப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

செலவுக்குச் சிறிது துணை உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெற்றவர்கள், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவத்திற்கும் பயிற்சிக்கும் பெறலாம். சான்றிதழில் அறிவுத்திறன் குறைபாடும், துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாமையும் எழுதப்பட்டிருந்தால், ரயிலில் பிள்ளைக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் கட்டணத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து குறையும். அதற்குரிய ரயில்வே அடையாளச் சீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தத்கால் சீட்டுக்கு இச்சலுகை கிடையாது. ஆகவே மைசூருக்கோ சென்னைக்கோ சோதனைக்குச் செல்லும் நாள் குறிக்கப்பட்ட அன்றே பதிவு செய்து கொள்ளுதல் நன்று.